பெயர் ஓடத் தொடங்கிய பிறகு

எங்கள் வீட்டில் நோலன் கிரேசனைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. அவர் பொறுப்பான குடும்பத் தலைவர், தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளையை எப்படி நடத்த வேண்டும் என்று தெரிந்தவர் என்பது பெரியப்பாவின் கட்சி. அதில் அவர் ஒருவரே உறுப்பினர். நோலன் ஏழு பேரைக் கூப்பிட்டுவைத்துக் கொன்ற கொலைகாரன் என்பது மற்ற எல்லோருடைய கட்சி. இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டு கட்சியினரும் பார்த்தது 'இன்வின்சிபிள்' என்னும் அதே அனிமேஷன் தொடரின் அதே முதல் எபிசோடைத்தான், அதுவும் ஒரே கூடத்தில் ஒன்றாக உட்கார்ந்து.

தொடரைப் போட்டது சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை. கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த அவன், மாலை நேரத்தில் பெரியப்பா செய்திக்கும் பெரியம்மா சீரியலுக்கும் ரிமோட்டைக் கோரிக்கொண்டிருந்த இடைவெளியில், இருவருக்கும் பொதுவாக ஒன்று போடுகிறேன் என்று சொல்லி அதைக் கைப்பற்றினான். கார்ட்டூனா என்று பெரியப்பா கேட்டதற்கு, அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து உலகத்தைக் காப்பாற்றும் கதை என்று மட்டும் சொன்னான். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது என்ற அறிவிப்பு திரையின் மூலையில் வந்தபோது, கூடத்தில் இருந்தவர்களின் சராசரி வயது ஐம்பதைத் தாண்டியிருந்ததால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சில விவரங்கள். 'த வாக்கிங் டெட்' காமிக்ஸை எழுதிய ராபர்ட் கிர்க்மன், ஓவியர் கோரி வாக்கருடன் சேர்ந்து 2003இல் தொடங்கிய காமிக்ஸ்தான் 'இன்வின்சிபிள்'. பின்னர் ரையன் ஆட்லி வரைய, 2018 வரை 144 இதழ்கள் வெளிவந்தன. அதன் அனிமேஷன் வடிவம் அமேசானில் 2021 மார்ச்சில் வந்தது. முதல் எபிசோடின் பெயர் 'இட்ஸ் அபௌட் டைம்'. நாயகன் மார்க் கிரேசனுக்குப் பதினேழு வயது. அப்பா நோலன், வெளியுலகுக்குப் பயண நூல்கள் எழுதும் எழுத்தாளர். உண்மையில் வில்ட்ரம் என்ற கிரகத்திலிருந்து வந்த ஆம்னி மேன், பூமியின் ஆகப் பலசாலியான காவலர். அம்மா டெப்பி வீடுகள் விற்றுக்கொடுக்கும் தொழில் செய்பவர். அப்பாவின் சக்தி தனக்கு எப்போது வரும் என்று பையன் காத்துக்கொண்டிருக்கிறான் என்பதுதான் தொடக்கம்.

பெரியப்பாவுக்கு முதல் காட்சியிலேயே பிடித்துவிட்டது. வெள்ளை மாளிகை வாசலில் இரண்டு காவலர்கள் வீட்டுப் பிள்ளையைப் பற்றிப் பேசிக்கொண்டு நிற்கிறார்கள். பெரிய பெரிய இடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கும் பிள்ளைகளால் இதே கவலைதான் என்று பெரியப்பா என்னையும் தம்பியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார். அடுத்த நிமிடம் மாலர் இரட்டையர் என்ற நீல நிற ராட்சதர்கள் இருவர் வந்து அந்த இடத்தைத் துவம்சம் செய்ய, 'கார்டியன்ஸ் ஆஃப் த குளோப்' என்ற ஏழு பேர் குழு வந்து இறங்குகிறது. ஆம்னி மேனும் வந்து கைகொடுக்கிறார். வெள்ளை உடை, சிவப்பு மேலங்கி, நரைக்கத் தொடங்கிய காதோரம், கத்தரித்த மீசை, அதற்கு ஜே. கே. சிம்மன்ஸின் கணீர்க் குரல். மீசை வைத்த சூப்பர் ஹீரோவைப் பார்ப்பது அரிது என்பதாலும், தாமும் அதே அளவு மீசை வைத்திருப்பதாலும், பெரியப்பா அந்த இடத்திலேயே கட்சி மாறாத தொண்டராகிவிட்டார்.

அதற்குப் பிறகு வந்தவையெல்லாம் அவருடைய கொள்கைகளுக்காகவே எழுதியவைபோல இருந்தன. மார்க் படிக்கும்போதே பர்கர் கடையில் வேலை செய்கிறான். பெரியப்பா மறுபடியும் தம்பியைப் பார்த்தார். கடையின் குப்பைப் பையைத் தொட்டியில் போடுவதற்காக மார்க் தூக்கி வீசும்போது, அது வானத்தில் பறந்து மறைகிறது. சக்தி வந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிவது அப்படித்தான். குப்பையை உரிய தொட்டியில் போடப் போனவனுக்குத்தான் அந்தப் பாக்கியம் கிடைத்தது என்பதைப் பெரியப்பா எங்களுக்கு எடுத்துக் காட்டினார். ஆர்ட் என்ற தையற்காரர் நாயகர்களுக்கு உடை தைக்கும் கடையைக் காட்டியபோது, கடையில் வாங்கிய உடுப்பு ஒருநாளும் உடம்புக்கு ஒட்டாது, அளவெடுத்துத் தைப்பதுதான் சரி என்றார். அந்தத் தையற்காரருக்குக் குரல் கொடுத்தவர் 'ஸ்டார் வார்ஸ்' புகழ் மார்க் ஹாமில் என்று தம்பி சொன்னது அவர் காதில் விழவில்லை.

பெரியம்மாவின் நிலை வேறு. அவருக்கு அந்த அமெரிக்க ஆங்கிலம் பிடிபடவில்லை. தம்பி அவ்வப்போது நிறுத்தி விளக்கியதும் போதவில்லை. ஆகவே முகங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது ஆண்டுகளாக மாலை ஆறரை முதல் இரவு பத்து வரை முகங்களை மட்டுமே அருகில் காட்டும் சீரியல்களில் தேறியவருக்கு மொழி தேவைப்படவும் இல்லை. மகனுக்குச் சக்தி வந்துவிட்டது என்று தெரிந்ததும் தாயின் முகம் மலர்ந்த அளவுக்குத் தந்தையின் முகம் மலரவில்லை என்பதை அவர்தான் முதலில் கவனித்தார். பயிற்சி கொடுக்கிறேன் என்று கூட்டிப்போய் மகனை நோலன் ஓங்கிக் குத்தியபோது, பெரியம்மா கையில் இருந்த கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"இந்த ஆள் சரியில்ல."

"கண்டிப்புன்னா என்னன்னு உனக்குத் தெரியாது" என்றார் பெரியப்பா.

"கண்டிக்கிறவன் அடிச்சப்புறம் முகத்தைத் திருப்பிக்குவான். இவன் பிள்ளையை அளந்து பாக்கிறான்."

இந்தக் கூற்றை ஆராய வேண்டியதில்லை என்று பெரியப்பா முடிவு செய்துவிட்டார். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏறத்தாழ முக்கால் மணி நேரம் கழித்து எல்லாம் சுபம் என்று நினைக்கத்தக்க ஒரு கட்டத்தில் பெயர்கள் ஓடத் தொடங்கின. இங்கே பெரியப்பாவின் வழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவர். திரையில் பெயர்கள் ஓடும்போது தொலைக்காட்சி எரிந்துகொண்டிருப்பது, ஆளில்லாத அறையில் விசிறி சுழல்வதற்குச் சமமான குற்றம் என்பது அவர் கருத்து. திரையரங்கிலும் கடைசி வசனம் முடிவதற்குள் செருப்பைத் தேடத் தொடங்குவார். அன்றும் எழுந்து, நல்ல கதை, குடும்பத்தோடு பார்க்கலாம் என்று தீர்ப்பளித்துவிட்டுச் சுவரில் இருந்த ஸ்விட்ச்சை நோக்கி நடந்தார். அணைக்க வேண்டாம், அடுத்து இன்னொன்று பார்க்கப் போகிறோம் என்று தம்பி பதறினான். நடைப்பயிற்சிக்கு நேரமாகிவிட்டதால் பெரியப்பா அதிசயமாக விட்டுக்கொடுத்து, செருப்பை மாட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போய்விட்டார்.

வாசற்கதவு சாத்திய சத்தம் கேட்டதும் தம்பி ஒலியைக் கூட்டினான்.

பெயர்கள் சற்று ஓடியதும் நின்று, கதை மறுபடி தொடங்குகிறது. அந்த ஏழு காவலர்களையும் அவரவர் சொந்த வாழ்க்கையில் காட்டுகிறார்கள். மின்னல் வேக ரெட் ரஷ் காதலியோடு இருக்கிறார். வார் உமன் ஒரு நிறுவனத்தின் தலைமை நாற்காலியில். அக்வாரஸ் கடலுக்கு அடியில். அழைப்பு வர, போட்டது போட்டபடி போட்டுவிட்டுத் தலைமையகத்துக்கு ஓடி வருகிறார்கள். யார் கூப்பிட்டது என்று ஒருவரையொருவர் கேட்டால், யாரும் கூப்பிடவில்லை. பிறகு ஆம்னி மேன் வருகிறார். அடுத்த சில நிமிடங்களில் நடப்பதை நான் விவரிக்கப் போவதில்லை; பெரியம்மா கீரை ஆய்வதை அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட்டார் என்று மட்டும் சொல்கிறேன்.

நியாயமாகச் சொன்னால், இந்த எபிசோடின் சாமர்த்தியம் முழுவதும் பெரியப்பா போன்றவர்களை நம்பித்தான் அமைந்திருக்கிறது. காமிக்ஸில் இந்தப் படுகொலை ஏழாவது இதழில்தான் வரும். தொடரில் அதை முதல் எபிசோடின் வாலுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் அதற்கு முன்னால் வருவதெல்லாம் சனிக்கிழமை காலையில் பிள்ளைகள் பார்க்கும் கார்ட்டூனின் நிறத்திலும் நடையிலுமே போகிறது. ஏழு பேரையும் பார்த்தால், சூப்பர்மேனும் பேட்மேனும் இருக்கும் ஜஸ்டிஸ் லீக் குழுவின் பங்காளிகள் என்று யாருக்கும் தெரியும். அப்படிப்பட்டவர்கள் சாகமாட்டார்கள் என்ற நம்பிக்கையும் கூடவே வந்துவிடும். அவர்களில் பெரும்பாலோருக்கு 'த வாக்கிங் டெட்' தொடரின் தெரிந்த நடிகர்களையே குரல் கொடுக்கவைத்திருக்கிறார்கள். இவ்வளவு பேரைக் கூப்பிட்டு முதல் நாளே கணக்கு முடித்து அனுப்புவார்கள் என்று யார் நினைப்பார்கள்? போதாக்குறைக்கு, பார்ப்பவர் இனி ஒன்றும் இல்லை என்று எழுந்திருக்கும் இடத்தைக் கத்தி எடுக்கும் இடமாக வைத்திருக்கிறார்கள்.

பெரியம்மாவுக்கு அதிர்ச்சி இருந்தது, ஆச்சரியம் இல்லை. ரத்தக் குளத்துக்கு நடுவே நோலனும் மயங்கிச் சரிந்தபோது, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று முடித்துக்கொண்டார். இதைப் பெரியப்பாவிடம் யார் சொல்வது என்ற கேள்வி எழுந்தது. அவராகக் கேட்டால் சொல்வோம் என்று பெரியம்மா தீர்மானம் நிறைவேற்ற, நாங்கள் ஏகமனதாக ஆதரித்தோம்.

அவர் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகப் பரப்பத் தொடங்கினார். பூங்காவில் அவரோடு நடக்கும் ஓய்வுபெற்ற அதிகாரிகள் ஐந்தாறு பேரிடம், இக்காலத் தகப்பன்மார் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நோலன் கிரேசனை எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறார். வேலை எவ்வளவு இருந்தாலும் பிள்ளைக்கு நேரம் ஒதுக்குகிறார், நுணுக்கங்களைத் தாமே சொல்லிக்கொடுக்கிறார், கோபம் வந்தாலும் குடும்பத்தை விட்டுக்கொடுப்பதில்லை என்றெல்லாம் விரிவாகப் பேசியதில், முன்னாள் வங்கி மேலாளர் ஒருவர் நெகிழ்ந்து, தம்முடைய மருமகனைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த முதல் எபிசோடைப் பார்த்திருக்கிறார். மேலாளர் சார் எதையும் அடிக்குறிப்பு வரை படிப்பவர்.

மறுநாள் காலை பூங்காவில் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. பெரியப்பா திரும்பி வந்து கொதித்ததிலிருந்து தொகுத்துக்கொண்டதுதான். மேலாளர் சார் பெரியப்பாவைத் தனியே அழைத்து, உங்களுக்கு வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று தணிந்த குரலில் கேட்டிருக்கிறார். எதற்கு என்று பெரியப்பா கேட்க, அந்த நோலனைப் போய் உத்தமத் தகப்பன் என்கிறீர்களே என்று அவர் சொல்ல, வாக்குவாதம் தொடங்கிவிட்டது. இருவரும் வெவ்வேறு தொடரைப் பார்த்திருக்கிறார்களோ என்ற சந்தேகத்தில் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மீசை உண்டா? உண்டு. மேலங்கி சிவப்பா? சிவப்பு. தையற்காரர்? இருக்கிறார். குப்பைப் பை? பறந்தது. எல்லாம் பொருந்தியும் ஒருவர் கணக்கில் நோலன் தங்கமான மனிதர், இன்னொருவர் கணக்கில் கொலைகாரர். மற்ற நண்பர்கள் நடையை நிறுத்திவிட்டு நடுவர்களாக நின்றிருக்கிறார்கள். கடைசியில், உங்களுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்தது போன மாதம்தானே என்று பெரியப்பா கேட்டுவிட்டதால், மேலாளர் சார் மறுபக்க வாயில் வழியாக வெளியேறிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா தம்பியைக் கூப்பிட்டு, அந்த எபிசோடை உடனே போடச் சொன்னார். தம்பி நேராகப் பெயர்கள் ஓடும் இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினான். பெரியப்பா நின்றபடியே பார்த்தார். ரெட் ரஷ்ஷின் கதி முடிந்ததும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஏழு பேரும் முடியும் வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதால், தோல்வியை ஏற்றுக்கொண்டார் என்றே நாங்கள் எண்ணினோம்.

"இது பேர் ஓடினதுக்கு அப்புறம் வந்தது. கணக்கை முடிச்சு கையெழுத்துப் போட்டாச்சுன்னா, பின்னாடி வர்ற வவுச்சரை அந்த வருஷத்துல சேர்க்க முடியாது" என்றார்.

"ஏழு கொலைங்க, பெரியப்பா" என்றான் தம்பி.

"அடுத்த எபிசோட்ல கேட்டுக்கலாம். முதல் எபிசோடைப் பொறுத்தவரைக்கும் அவர் மேல ஒரு குறையும் இல்ல."

முப்பது ஆண்டுகளாகத் தணிக்கையாளர்களைச் சமாளித்த மனிதரிடம் மேல்முறையீடு செய்து பயனில்லை. இருந்தாலும் அவருக்கே உள்ளூர ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். இரண்டாவது எபிசோடை அப்போதே போடு என்றார். காலைச் சிற்றுண்டி நேரத்தில் அவர் தொலைக்காட்சி பார்த்து நான் கண்டதில்லை. அதில் நோலன் நினைவிழந்து மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கிறார். என்ன நடந்தது என்று தெரியாமல் டெப்பி கலங்குகிறார். பெரியப்பாவின் முகத்தில் பழைய ஒளி திரும்பியது. இட்டிலித் தட்டோடு வந்த பெரியம்மாவிடம் வெற்றியோடு திரையைக் காட்டினார்.

"பாத்தியா? மனுஷன் எப்படி அடிபட்டுக் கிடக்கிறார்னு!"

பெரியம்மா திரையைப் பார்த்துவிட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்தார்.

"ஏழு பேரை அடிச்சுப் போட்டவனுக்கு அவ்வளவுகூட வலிக்காதா? சட்னி போதுமா, பாருங்க."