சுவிங் பிரேக்கைத் தேடி ஐந்து நாள்

போனில் வந்த புகார் ஒரே வரி: "சுவிங் பிரேக் பிடிக்கல, தம்பி." இருபது டன் எக்ஸ்கவேட்டர். சுவிங் என்றால் கேபினும் பூமும் உள்ள மேல்பாகம் சுழல்வது. ஆபரேட்டர் என்னைவிட இருபது வயது மூத்தவர், அதே வண்டியை வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர். நான் போனபோது வண்டியைச் சரிவில் நிறுத்தி, பூமை, அதாவது முன்னால் நீளும் பெரிய கையை, பக்கவாட்டில் திருப்பிக் காட்டினார். லீவரை விட்டதும் மேல்பாகம் நின்றது. நின்ற பிறகு மெல்லப் பள்ளத்துப் பக்கம் நகர ஆரம்பித்தது. உற்றுப் பார்த்தால் நகர்வது தெரியாது. கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் ஒரு சாண் போயிருக்கும்.

இறங்கும்போது, பூம் முனையில் பக்கெட்டைத் தாங்கும் ஆர்மைப் பற்றியும் ஒன்று சொன்னார். "ரேஸ் ஏத்தினா ஆர்ம் கூட லேசா தானா உள்ள வர்ற மாதிரி இருக்கு."

"அது சிலிண்டர் சீலா இருக்கும்ணே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றேன்.

அந்த வரியை அன்றைக்கே காதில் வாங்கியிருந்தால் மத்தியானமே கிளம்பியிருப்பேன். வாங்கவில்லை. ஐந்து நாள் ஆனது.

எக்ஸ்கவேட்டர் பிரேக் என்றால் பலரும் கார் பிரேக் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள்: மிதித்தால் ஆயில் அழுத்தும், டிஸ்க் பிடிக்கும். ஆயில் அழுத்தத்தில் மேல்பாகத்தைச் சுழற்றும் சுவிங் மோட்டாருக்குள் இருப்பது அதற்கு நேர் எதிர். அங்கே பிரேக்கைப் பிடிப்பது ஸ்பிரிங். மோட்டார் மூடிக்குக் கீழே வட்டமாக அடுக்கிய ஸ்பிரிங்குகள் ஒரு பிஸ்டனை அழுத்த, பிஸ்டன் டிஸ்க்குகளை நெருக்கிப் பிடிக்கிறது. ஆயிலின் வேலை அந்தப் பிஸ்டனைத் தூக்கிப் பிரேக்கை விடுவிப்பது மட்டும்தான். ஆயில் வராவிட்டால் பிரேக் பிடித்தபடியே இருக்கும். ஆயில் வடியாமல் நின்றுவிட்டால் பிரேக் பிடிக்காது.

அதைவிடப் பெரிய குழப்பம், சுழலும் மேல்பாகத்தை நிறுத்துவது இந்த டிஸ்க்கே இல்லை என்பது. லீவரை நடுவுக்கு விட்டதும் மோட்டாருக்குப் போகும் இரண்டு வழியும் மூடிக்கொள்ளும். சுழலும் எடை மோட்டாரைப் பம்பு மாதிரி ஓட்டும். வெளியே தள்ளப்படும் ஆயில், அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால்தான் திறக்கும் ரிலீஃப் வால்வைத் திறந்துகொண்டுதான் போக வேண்டும். அந்த எதிர்ப்புதான் வண்டியை நிறுத்துகிறது. எல்லாம் நின்று சில விநாடி கழித்து, டைமர் வால்வு விடுவிப்பு ஆயிலை வடியவிட்ட பிறகே டிஸ்க் வந்து பூட்டும். அத்தனை டன் எடையை ஒவ்வொரு முறையும் டிஸ்க் தேய்த்து நிறுத்த வேண்டியிருந்தால் ஒரு ஷிஃப்டுகூடத் தாங்காது.

ஆகவே "பிரேக் பிடிக்கல" என்ற ஒரே சொல்லுக்குள் வேறு வேறு நோய் இருக்கிறது. நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நிற்கிறது என்றால் ரிலீஃப் வால்வைப் பார்க்க வேண்டும். நின்ற பிறகு சரிவில் நழுவுகிறது என்றால் டிஸ்க், ஸ்பிரிங், இல்லையென்றால் விடுவிப்பு ஆயில். திரும்பவே கனமாக இருந்து மோட்டார் சூடேறுகிறது என்றால் விடுவிப்பு ஆயில் போதவில்லை, பிரேக் அரைகுறையாகப் பிடித்தபடி வண்டி ஓடுகிறது. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் தப்பு செய்தேன்.

நழுவுகிறது என்றதும் டிஸ்க் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டிவிட்டேன். வண்டிக்கு ஓட்டம் அதிகம், மணி மீட்டரைப் பார்த்தாலே தெரியும். சூப்பர்வைசர் வேறு, "எப்ப முடியும்?" என்று அரைமணிக்கு ஒருதரம் வந்து நின்றார். கையில் ஸ்பேனர் இருப்பவனைப் பார்த்தால் அவர்களுக்கு நிம்மதி. அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டிவிட்டு உட்கார்ந்து யோசிப்பவனைப் பார்த்தால் எரிச்சல். நானும் ஸ்பேனரை எடுத்தேன்.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் மோட்டாரோடு போனது. சமதரையில் நிறுத்தி, பக்கெட்டைத் தரையில் ஊன்றி, எஞ்சினை அணைத்து, சாவியை ஆன் செய்து லீவர்களை நாலு பக்கமும் ஆட்டி, அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் அக்யுமுலேட்டரில் தங்கியதையும் வெளியேற்றிய பிறகுதான் ஹோஸில் கை வைத்தேன். மேல் மூடியின் போல்ட்டுகளைக் குறுக்கு வாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். அடியில் ஸ்பிரிங்குகள் காத்திருக்கின்றன, ஒரு பக்கம் மட்டும் தளர்த்தினால் மூடி கோணிக்கொள்ளும். பிஸ்டனில் திருகுபுரி போட்ட துளைகள் இருக்கும். அதில் போல்ட்டைத் திருகி இரண்டு பக்கமும் சமமாக இழுத்தால் வந்துவிடும். டிஸ்க்குகளை வரிசையாக வெளியே எடுத்து வைத்தேன். கருகல் இல்லை, நீலம் பாய்ந்த இடம் இல்லை. வெர்னியர் வைத்து அளந்தேன். தேய்மான வரம்புக்குள்தான் இருந்தது.

அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். ஆனால் புது டிஸ்க் வந்து இறங்கிவிட்டது, மோட்டார் திறந்தே கிடக்கிறது. "எதுக்கும் போட்டுவிடலாம்" என்று டிஸ்க், பிஸ்டன் சீல் எல்லாம் புதிதாகப் போட்டு மூடினேன். இந்த "எதுக்கும்" என்ற சொல்தான் எங்கள் தொழிலில் அதிகம் செலவு வைக்கும் சொல்.

நாலாம் நாள் காலை வண்டியைச் சரிவில் ஏற்றினோம். நழுவியது. முன்பு எப்படி நழுவியதோ அதே மாதிரி.

ஆபரேட்டர் ஒன்றும் சொல்லவில்லை. கேபினில் இருந்து இறங்கி, வண்டியின் நிழலில் போய் நின்றார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அவர் இறங்கும் முன் சேஃப்டி லீவரைத் தூக்கிவிட்டுத்தான் இறங்கினார், பழக்கம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பூம் நகரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன், அசையவே இல்லை. "அண்ணே, மறுபடி ஏறி லீவரை மட்டும் கீழ போடுங்க, வேற எதையும் தொடாதீங்க" என்றேன். போட்டார். கொஞ்ச நேரத்தில் பூம் பள்ளத்தை நோக்கி நகர்ந்தது. தூக்கச் சொன்னேன். நாலைந்து விநாடி நகர்ந்துவிட்டு நின்றது.

முதல் நாள் செய்திருக்க வேண்டிய சோதனை இது. ஒரு ஸ்பேனர்கூடத் தேவையில்லை. சேஃப்டி லீவரைத் தூக்கினால் ஜாய்ஸ்டிக்குகளுக்குப் போகும் பைலட் ஆயில், அதாவது வால்வுகளுக்குக் கட்டளை கொடுக்கும் குறைந்த அழுத்த ஆயில், நின்றுவிடும். அப்போது பிரேக் பிடிக்கிறது என்றால் டிஸ்க், ஸ்பிரிங் எல்லாம் ஆரோக்கியமாக இருக்கின்றன. பைலட் வந்ததும் விட்டுவிடுகிறது என்றால், லீவரை யாரும் தொடாதபோதே "பிரேக்கை விடு" என்று ஏதோ ஒரு சிக்னல் மோட்டாருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. எஞ்சினை அணைத்துப் பார்த்திருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும்.

இடையில் போனில் ஒரு நண்பர், மோட்டார் உள்கசிவு, மோட்டாரையே மாற்று என்றார். பிரேக் விட்டிருக்கும்போது சரிவில் நழுவ வைப்பது உள்கசிவுதான், அது உண்மை. ஆனால் நல்ல மோட்டாரிலும் கசிவு உண்டு. அதனால்தானே பிரேக் என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள்? மோட்டாரை மாற்றியிருந்தாலும் வண்டி நழுவியிருக்கும், கொஞ்சம் நிதானமாக.

இந்த வண்டியின் மோட்டாரில் பிரேக்குக்கென்று இரண்டு சின்ன ஹோஸ்கள் வருகின்றன. ஒன்று பிஜி போர்ட், பைலட் பம்பிலிருந்து எப்போதும் அழுத்தம் நிற்கும். மற்றது எஸ்ஹெச் போர்ட், சிக்னல். சிக்னல் வந்தால் உள்ளே ஆயில் வழியைத் திறந்து மூடும் ஒரு சின்ன ஸ்பூல் நகர்ந்து பிஜி ஆயிலைப் பிஸ்டனுக்கு விடும். டெஸ்ட் கிட்டில் கைக்கு வந்த கேஜை எஸ்ஹெச்சில் மாட்டினேன். சுவிங் செய்தால் முள் எழுந்தது, விட்டால் அடியில் போய்ப் படுத்தது. பூஜ்ஜியம். சிக்னல் இல்லை. ஆனால் வண்டி நழுவுகிறது. அன்று மாலை வரை தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன்.

நான் மாட்டியது 600 பார் வரை அழுத்தம் காட்டும் கேஜ். மெயின் பம்பு பார்ப்பதற்கானது. அதில் ஐந்தாறு பார் என்பது முள்ளின் தடிமன்கூட இல்லை. பைலட் அழுத்தமே மொத்தம் 40 பார் அளவுதான். அதை அளக்க 60 பார் கேஜ் வேண்டும் என்று பயிற்சிக்கு வரும் பையன்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஐந்தாம் நாள் காலை 60 பார் கேஜோடு போனேன். பிஜியில் 39, ஆடாமல் நின்றது. எஸ்ஹெச்சில் சுவிங் செய்யும்போது முழுதாக ஏறியது; விட்டதும் இறங்கி 6 பாரில் நின்றுவிட்டது. சேஃப்டி லீவரைத் தூக்கினால் பூஜ்ஜியம். போட்டால் மறுபடி 6.

இனி அந்த 6 எங்கிருந்து வருகிறது என்பதுதான். எஸ்ஹெச் ஹோஸைப் பிடித்துக்கொண்டே போனால் ஷட்டில் பிளாக்கில் முடிந்தது; உள்ளே வரும் சிக்னல்களில் எது இருந்தாலும் அதை வெளியே அனுப்பும் கட்டை அது. சுவிங் இடது, சுவிங் வலது இரண்டும் அதற்குள் வருகின்றன. மூன்றாவதாக ஒரு ஹோஸும் வந்தது. அதைத் தொட்டபோதுதான் பொறி தட்டியது. சில மாடல்களில் ஆர்மை உள்ளே இழுக்கும்போதும் சுவிங் பிரேக்கை விடுவித்துவிடுவார்கள். பக்கெட் பக்கவாட்டில் பாறையில் மாட்டி இழுக்கும்போது பூட்டிய பிரேக் அடிபடக் கூடாது என்பதற்காக. மூன்றாவது ஹோஸ், ஆர்ம் உள்ளே.

"ஆர்ம் கூட லேசா தானா உள்ள வர்ற மாதிரி இருக்கு."

எஞ்சினை அணைத்து, அழுத்தம் இறக்கி, அந்த ஹோஸைக் கழற்றி இரண்டு முனையையும் அடைத்தேன். ஸ்டார்ட் செய்தோம். எஸ்ஹெச் பூஜ்ஜியம். சரிவில் பூம் அசையவில்லை.

மிச்சம் பத்து நிமிஷ வேலை. இடது ஜாய்ஸ்டிக்கின் ரப்பர் பூட்டைத் தூக்கினேன். மடிப்பில் விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல். கதவுப் பக்க லீவர், கதவைத் திறந்து வைத்துத்தான் ஓட்டுவார்கள், மழையும் புழுதியும் நேராக அங்கேதான் இறங்கும். கீழே நாலு புஷ்ராடு, லீவர் சாய்ந்தால் அமுங்கி ஸ்பூலைத் தள்ளும் குச்சிகள். மூன்று பளபளவென்று ஒரே மட்டத்தில் நின்றன. ஆபரேட்டர் பக்கம் இருந்த, ஆர்மை உள்ளே இழுக்கும் புஷ்ராடு மட்டும் ஒரு மயிரிழை தாழ்ந்து, கழுத்தைச் சுற்றித் துருவும் சேறும் காய்ந்து வளையமாகப் படிந்திருந்தது. விரலால் அழுத்தினால் போனது. விட்டால் முழுதாக மேலே வரவில்லை. ஸ்பூல் முழுசாக மூடாமல் ஒழுகிய அந்த 6 பார், ஆர்மை நகர்த்தப் போதுமா போதாதா என்ற அளவு. பிரேக்கை விடுவிக்கும் சின்ன ஸ்பூலுக்கோ அது தாராளம்.

எமரி தாளால் தேய்த்துவிட்டு மாட்டுபவர்கள் உண்டு. அந்தக் கீறல் அடுத்த மாதம் சீலை அறுக்கும். புஷ்ராடு, சீல், பூட் மூன்றையும் புதிதாகப் போட்டு, அடைத்திருந்த ஹோஸையும் திரும்ப மாட்டினேன்.

சாயங்காலம் 15 டிகிரி சரிவில் ஏற்றி, சுவிங் பேரிங்கின் உள்வளையம், வெளிவளையம் இரண்டுக்கும் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். சுற்றி யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, எஞ்சின் ஓட ஐந்து நிமிஷம். கோடு உடையவில்லை. பழைய டிஸ்க்குகளை எடுத்து வண்டிக்காரர்களிடமே கொடுத்து, இன்னும் ஓடக்கூடியவைதான் என்று சொன்னேன். டிஸ்க் மாற்றிய கூலியைப் பில்லில் சேர்க்கவில்லை.

கிளம்பும்போது ஆபரேட்டர் மறுபடி கேபினில் ஏறினார். ஆர்மைப் பாதி நீட்டி, பக்கெட் பல்லுக்குக் கீழே ஒரு கல்லை வைக்கச் சொன்னார். ரேஸை முழுதாக ஏற்றிவிட்டு, லீவரைத் தொடாமல் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் எட்டிப் பார்த்துக் கேட்டார்: "பல்லு கல்லுக்கு நேராதான இருக்கு தம்பி?"

"நேராதாண்ணே இருக்கு."

"சிலிண்டர் சீல் மாத்த வேண்டாமா அப்ப?" என்றார்.