மகளின் கைக்காக நுகர்வோர் ஆணையத்தில் போட்ட வழக்கு

தலைப்பிரசவத்துக்குத் தேவகோட்டையில் தாய்வீட்டுக்கு வந்திருந்தேன். குழந்தை 4 கிலோவுக்கு மேல். ஒரு தனியார் மருத்துவமனையில் தலை வெளிவந்தபின் தோள் சிக்கிக்கொள்ள, ஒருவர் என் மேல்வயிற்றை அழுத்தினார், இன்னொருவர் தலையைப் பிடித்து இழுத்தார்.

மகளின் வலக்கை அசையவில்லை. வளவில் பாயில் படுக்கவைத்துக் கிலுகிலுப்பையை ஆட்டினால் இடக்கை மட்டும் எழும்பும். வலக்கை உள்பக்கம் திரும்பி உடம்போடு ஒட்டியே கிடக்கும். "எண்ணெய் தேய்த்தால் சரியாகிவிடும்" என்றார் அப்பத்தா. மதுரை நரம்பியல் மருத்துவர்தான், கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புக் கற்றை இழுபட்டிருக்கிறது, இது எர்ப்ஸ் வாதம் என்றார். பல குழந்தைகளுக்குத் தானாகவே தேறிவிடுமாம். என் மகளுக்கு ஓரளவே தேறியது.

வழக்குப் போடலாம் என்றதும் உறவினர்கள் தயங்கினார்கள். டாக்டரைப் பகைத்துக்கொள்ளலாமா என்பதுதான் எல்லாருக்கும். எனக்கோ நடந்தது என்னவென்று தெரிந்தாக வேண்டியிருந்தது. மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. வாய்வார்த்தையாகக் கேட்டபோது இழுத்தடித்தார்கள். ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால் அனுப்பிய பிறகே நகல் வந்தது.

எங்கள் வழக்கே அந்த நகலில்தான் இருந்தது. குழந்தையின் கை பாதிக்கப்பட்டதாலேயே மருத்துவர் கவனக்குறைவாக இருந்தார் என்று ஆகிவிடாது. தோள் சிக்குவதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்லவும் முடியாது. ஆனால் எனக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது அதில் பதிவாகியிருந்தது. கடைசி வாரங்களில் குழந்தையின் எடையைக் கணித்த குறிப்போ, அறுவைப் பிரசவம் பற்றி என்னிடம் பேசிய குறிப்போ இல்லை. தோள் சிக்கினால் தாயின் தொடைகளை வயிற்றோடு மடக்கி, அடிவயிற்றில் அழுத்தம் கொடுக்க வேண்டும். மேல்வயிற்றை அழுத்தவே கூடாது. மூத்த மகப்பேறு மருத்துவர் ஒருவர் இதை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். சக மருத்துவருக்கு எதிராக அப்படிக் கொடுக்க மனத்துணிவு வேண்டும். அவரை நான் மறக்க மாட்டேன்.

சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டோம். பிரசவத்துக்குக் கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தரச் சட்டம் இருக்கிறது; மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டு வாங்கினேன். எல்லாருக்கும் கட்டணமில்லாமல் பார்க்கும் அரசு மருத்துவமனை என்றால் இந்த வழி திறக்காது. 1995-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த எல்லை அது.

வாய்தா மேல் வாய்தா. இடையில் பிசியோதெரபியை ஒரு நாளும் விடவில்லை; அந்த ரசீதுகளும் இழப்பீட்டுக் கணக்கில் சேர்ந்தன. கேட்டதில் ஒரு பகுதியைத் தரச்சொல்லித் தீர்ப்பு வந்தது. மருத்துவமனை மாநில ஆணையத்துக்குப் போயிருக்கிறது. மேல்முறையீடு செய்பவர் தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டியாக வேண்டும், கட்டிவிட்டார்கள்.

குழந்தைக்கு இதே பாதிப்பு உள்ளவர்கள் இன்றே பதிவேட்டுக்குக் கடிதம் அனுப்புங்கள். மனு போட 2 ஆண்டுதான் கெடு. மருத்துவமனை பதிவேட்டை 3 ஆண்டு வைத்திருந்தால் போதும்.