"உசிலம்பட்டி தாண்டிட்டேன்"

செக்கானூரணியில் வண்டி நிற்கும்போதே, உசிலம்பட்டியில் இறங்க வேண்டியவர் எழுந்து படிக்கட்டுக்கு வந்துவிடுவார். "இன்னும் அரை மணி நேரம் ஆகும், உக்காருங்கண்ணே" என்றால், "இருக்கட்டும் தம்பி, அப்புறம் கூட்டத்துல இறங்க முடியாது" என்பார். பின்னால் நாலு சீட் காலியாகக் கிடக்கும். மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டிலிருந்து தேனி, கம்பம் பக்கம் போகும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த காலம் முழுக்க இவரைப் பார்த்திருக்கிறேன். ஆள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும்.

மதுரையிலிருந்து தேனிக்குச் சுமார் 75 கிலோமீட்டர். நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணி, கருமாத்தூர், உசிலம்பட்டி. அப்புறம் கணவாயைத் தாண்டினால் ஆண்டிபட்டி. பயப்பட வேண்டிய பயணமே இல்லை. ஆனால் பயணம் என்று கிளம்பிவிட்டாலே நம் ஆட்களுக்கு எதையாவது நினைத்துக் கவலைப்பட்டாக வேண்டும்.

வெளியூரிலிருந்து வந்து மாட்டுத்தாவணியில் இறங்கியவர்களின் பாடு தனி. தேனி வண்டிக்கு ஊரின் மறுகோடியில் ஆரப்பாளையம் போக வேண்டும் என்று அங்கே வந்துதான் தெரிந்திருக்கும். ஒருமுறை இடம் தப்பியதால் அதன்பிறகு எதையும் நம்ப மாட்டார்கள். போர்டில் 'தேனி' என்று எழுதியிருக்கும். டிரைவரிடம் கேட்பார்கள், தேனிதான் என்பார். என்னிடம் கேட்பார்கள், நானும் சொல்வேன், டிக்கெட்டும் கொடுப்பேன். அதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, பக்கத்து சீட்டுக்காரரிடம், "இது தேனி போகும்ல?" என்பார்கள். அவர் "நானும் அங்கதான் போறேன்" என்ற பிறகுதான் பையைக் காலடியில் வைப்பார்கள். ஆரம்பத்தில் இது எனக்கு எரிச்சலாக இருந்தது. காக்கிச் சட்டை சொல்வதைவிடக் கூட வருகிறவன் சொல்வதில் நம்பிக்கை அதிகம், அவ்வளவுதான்.

செல்போன் வந்த பிறகு இன்னொரு வேடிக்கை. வண்டி காளவாசல் சிக்னலில் நிற்கும். பின் சீட்டில் ஒருவர் சத்தமாக, "உசிலம்பட்டி தாண்டிட்டேன், வந்துருவேன்" என்பார். பஸ் முழுக்கக் கேட்கும். ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அடுத்த போன் யாருடையதோ, அவரும் இதைத்தானே சொல்லப்போகிறார்! இதைப் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வீட்டில் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்காக வண்டியை நாற்பது கிலோமீட்டர் முன்னால் தள்ளி வைக்கிறார்.

செக்கிங் ஏறும்போது பார்க்க வேண்டும். டிக்கெட் எடுத்தவர்தான் படபடத்துப் போவார். சட்டைப் பை, பேன்ட் பை, மஞ்சப் பை என்று எல்லாவற்றையும் துழாவுவார். கடைசியில் டிக்கெட் வாட்ச் பட்டையில் சொருகியிருக்கும். எடுக்காதவர் நிதானமாக ஜன்னல் வழியே தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நிதானத்தை வைத்துத்தான் இன்ஸ்பெக்டர்கள் ஆளைப் பிடிக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

அப்புறம் மீதிச் சில்லறை. காலை முதல் நடையில் எல்லோரும் நூறும் இருநூறுமாக நீட்டுவார்கள். பையில் சில்லறை இருக்காது. டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்து, "இறங்கும்போது வாங்கிக்கங்க" என்போம். அந்த நிமிஷத்திலிருந்து சிலருக்கு வேறு நினைப்பே கிடையாது.

ஆண்டிபட்டியில் ஏறிய ஒரு அம்மா. மடியில் பெரிய ஸ்கேன் கவர், மடங்கிவிடாமல் இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்திருந்தார். தேனிக்குப் பக்கத்தில் கானாவிலக்கு அரசு ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு மதுரைக்குப் போகச் சொல்லியிருப்பார்கள்; அந்தப் பக்கத்தில் அப்படி அனுப்புவது வழக்கம். அவருக்கு 12 ரூபாய் பாக்கி. உசிலம்பட்டியில் கேட்டார், கருமாத்தூரில் கேட்டார். செக்கானூரணியில், "ஏப்பா, மறந்துறாத" என்றார். பக்கத்தில் இருந்த பையன் சிரித்துவிட்டான். நாகமலை வருவதற்குள் சில்லறை சேர்ந்தது. கொடுத்தேன். இரண்டு தடவை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டார். உடனே, "பெரியாஸ்பத்திரிக்கு எந்த பஸ்ஸுப்பா?" என்றார். சொன்னேன். அதையே சிரித்த பையனிடமும் கேட்டார். ஸ்கேனில் என்ன இருக்கிறது என்று யாரிடமும் கேட்கவில்லை, கவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் இல்லை.

அதன்பிறகு ஸ்கேன் கவரும் எக்ஸ்ரே கவருமாக ஏறுபவர்களுக்கு முதலில் சில்லறை கொடுத்துவிடுவது என்று வைத்துக்கொண்டேன். பெரிய மனசெல்லாம் இல்லை. அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தால், ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் நான் எழுத வேண்டிய டிக்கெட் கணக்கு தப்பும். ஆனால் ஒன்று கவனித்தேன். சில்லறையைக் கையில் கொடுத்துவிட்டால் அவர்கள் சும்மா இருந்துவிடுவதில்லை. "மணி என்ன?", "அங்க டோக்கன் முடிஞ்சிருக்குமா?", "ஆரப்பாளையத்துல கட்டணக் கழிப்பிடம் எந்தப் பக்கம்?" என்று வேறு ஏதாவது பிடித்துக்கொள்வார்கள். நான் பதில் சொல்லக்கூடிய கேள்விகளாகவே பார்த்துக் கேட்பார்கள். உள்ளே உறுத்துவதை அந்த ஒன்றரை மணி நேரம் தொடாமல் இருக்க அவர்களுக்கு இப்படி ஏதாவது வேண்டியிருக்கிறது. ஒரே கேள்வியை மூன்றாம் முறை கேட்டாலும் முதல் முறை போலவே பதில் சொல்லப் பழகிக்கொண்டேன். சொல்லாத நாளும் உண்டு. டபுள் டூட்டி பார்த்தவனிடம் பொறுமையை எதிர்பார்க்கக் கூடாது.

மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயில் 2010 கடைசியோடு நின்றது. அகலப்பாதை போட்டு 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடி வரைக்கும் மறுபடி ஓட ஆரம்பித்தது. கலெக்‌ஷன் விழுந்துவிடும் என்று டிப்போவில் எங்களுக்கும் ஒரு கவலை. வழக்கமாக வருகிறவர்கள் சிலர் ரயிலுக்குப் போகவும் செய்தார்கள். ஆண்டிபட்டி மளிகைக்கடைக்காரர் ஒருவர் கொஞ்ச நாளில் திரும்பி வந்துவிட்டார். "என்னண்ணே, ரயிலு சரியில்லையா?" என்றேன்.

"ரயிலு நல்லாத்தேன் போகுது. டிக்கெட்டும் கம்மி. ஆனா உள்ள உக்காந்துட்டா யார்கிட்ட என்ன கேக்குறது?" என்றார். பிறகு சீட்டில் சாய்ந்துகொண்டு, "வண்டி ஆண்டிபட்டிக்கு எத்தனை மணிக்குப் போகும் தம்பி?" என்றார். என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். சொன்னேன்.