பென்சிலின் ஊசி போட ஆள் தேடிய கதை

தொண்டைவலிக் காய்ச்சல், பிறகு முட்டி, கணுக்கால், மணிக்கட்டு என்று இடம் மாறி மாறி வந்த வீக்கம், ஏ.எஸ்.ஓ. என்ற ரத்த டெஸ்ட், மதுரையில் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எல்லாம் மளமளவென்று முடிந்துவிட்டன. வாதக் காய்ச்சலால் (ருமாட்டிக் ஃபீவர்) மகளுக்கு இதயத்தின் மைட்ரல் வால்வில் லீக். ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், 12 லட்சம் யூனிட் பென்சத்தைன் பென்சிலின் ஊசியை 21 நாளுக்கு ஒருமுறை போட்டுவந்தால் போதும் என்றார் டாக்டர். அந்தக் காய்ச்சல் திரும்பி வந்தால் வால்வு இன்னும் கெடுமாம்.

எங்கள் ஊரில் ஒருவரும் போடத் தயாரில்லை. அலர்ஜியாகி ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம். "எழுதிக் கொடுத்த ஆஸ்பத்திரியிலேயே போட்டுக்கோங்கம்மா" என்று ஒரு கிளினிக்கில் சீட்டைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "முட்டிதான் சரியாயிருச்சே, எதுக்கு இன்னும் ஊசி?" என்று இன்னொருவர். முட்டி சரியாகிவிடும், வால்வு அவ்வளவு எளிதில் ஆகாது. இதை நான் அவருக்கு விளக்க வேண்டியிருந்தது!

மருந்துக் கடைகளிலும் பாதி நாள் ஸ்டாக் இருக்காது. ஒருவழியாக மருந்து கிடைத்து, போடவும் ஒரு நர்ஸ் சம்மதித்தார். எடுத்ததோ மெல்லிய ஊசி. பால்போல் கெட்டியான மருந்து பாதியில் அடைத்துக்கொண்டது. பிள்ளை கதறக் கதற வெளியே இழுத்து, புது மருந்துக் குப்பி உடைத்து, மறுபடி குத்தினார்கள்.

கடைசியில் கைகொடுத்தது ஒரு கடிதம். நோயின் பெயர், டோஸ், இடைவெளி, இதுவரை அலர்ஜி இல்லை என்பது, எவ்வளவு காலம் என்பது எல்லாவற்றையும் கார்டியாலஜிஸ்டிடம் லெட்டர்பேடில் எழுதி வாங்கினேன். வால்வு கெட்டிருந்தால் கடைசிக் காய்ச்சலிலிருந்து 10 வருஷம் அல்லது 40 வயதுவரை, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை போட வேண்டும். அதைப் படித்த பிறகு யாரும் "போதுமே" என்பதில்லை.

அடுத்த மருந்துக் குப்பியை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கலந்ததும் நன்றாகக் குலுக்கி, தடித்த ஊசியில், உடனே ஏற்றி, மெதுவாக இறக்கச் சொல்லுங்கள், கூச்சப்படாமல் சொல்லுங்கள். போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். தேதி, கையெழுத்துக்கு ஒரு நோட்டு.

போன மாதம் கோவையில் கல்யாணம், அன்றைக்கே ஊசி நாளும். புது ஆஸ்பத்திரி, தெரியாத முகம். கடிதத்தையும் நோட்டையும் புரட்டிப் பார்த்த நர்ஸ், "பாப்பாவைப் படுக்கச் சொல்லுங்கக்கா" என்றார். முகூர்த்தத்துக்கு முன்பே மண்டபம் வந்துவிட்டோம்.