கடிகாரம் பின்னால் போனால் ஸ்கிரிப்ட் எரர் வரும்

பழைய கம்ப்யூட்டரில் இணையப் பக்கத்தைத் திறந்ததும், இந்தப் பக்கத்தின் ஸ்கிரிப்டில் (பக்கத்துக்குள் ஓடும் சின்ன நிரலில்) பிழை நேர்ந்திருக்கிறது, மேற்கொண்டு ஓட்டவா என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி குதிக்கும். ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான். எதை அழுத்தினாலும் பெரிய மாற்றம் இருக்காது. அந்தப் பொத்தான்களுக்கு மேலே நாலைந்து வரி இருக்கிறதே, அதை யாரும் படிப்பதில்லை. யங்கோனுக்குப் பக்கத்தில் தன்லினில், மாமா வீட்டுக் கம்ப்யூட்டரில் நான் அதைப் படித்துப் பார்த்தேன். யங்கோன் பக்கம் இதே வயதுக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் நம்மவர்கள் நிறைய இருப்பதால் நடந்ததை எழுதிவைக்கிறேன்.

கோர் 2 டுவோ, 2 ஜிபி ராம், 32 பிட் விண்டோஸ் 7. மாமா உளுந்துத் தரகில் இருந்தபோது வாங்கியது. தொழிலை விட்டு வருஷங்கள் ஆகியும் தினமும் யங்கோனின் பயின்னவுங் மொத்த விற்பனைச் சந்தை விலையைப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அதற்கென்று ஒரு பழைய பக்கம் வைத்திருக்கிறார். நீல நிற 'ஈ'யை அழுத்தினால், அதாவது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைத் திறந்தால், அந்தப் பக்கம்தான் முதலில் வரும். விலைப் பட்டியல் காலியாக நிற்க, அதன் மேல் இந்தப் பெட்டி.

பழுதுபார்க்கும் கடையில் காட்டியிருக்கிறார். விண்டோஸை அழித்து மறுபடி போட்டுக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் ஒழுங்காக ஓடியது, அப்புறம் பெட்டி திரும்பி வந்துவிட்டது. மறுபடி போய்க் கேட்டால் புதுசு வாங்கச் சொல்லிவிட்டார்கள். "மாப்பிள்ளை, நல்லாத்தான் ஓடுது. இந்தப் பொட்டி மட்டும் வரக் கூடாது, அவ்வளவுதான்" என்றார்.

பெட்டியில் இருப்பது இவைதான்: எந்த வரி, எத்தனையாவது எழுத்து, என்ன பிழை, எந்த முகவரி. வரி எண்ணும் எழுத்து எண்ணும் அந்தப் பக்கத்தை எழுதியவருக்கு உதவும், நமக்கு உதவாது. நாம் பார்க்க வேண்டியது பிழை என்ன, முகவரி எது என்ற இரண்டை. மாமாவின் பெட்டியில் 'ஜேகுவெரி இஸ் அன்டிஃபைன்ட்' என்று இருந்தது. ஜேகுவெரி 2006-இல் வெளிவந்த ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நூலகம், அதாவது பக்கம் எழுதுபவர்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு. கணக்கில்லாத பக்கங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. அவற்றில் பல அதைத் தங்களிடம் வைத்துக்கொள்ளாமல், வேறொரு சர்வரிலிருந்து வரவழைக்கின்றன. ஆக, பெட்டி சொல்வது ஸ்கிரிப்ட் தப்பு என்பதல்ல. ஜேகுவெரி என்று ஒன்றைக் கூப்பிட்டேன், அப்படி ஒன்று வந்து சேரவே இல்லை என்பதுதான். மாமாவுக்கு அவர் பாஷையில் சொன்னேன்: "சரக்கு துறைமுகத்திலேயே நிக்குது மாமா. நாம கடைக்காரனைப் போட்டுத் திட்டிக்கிட்டு இருக்கோம்."

வந்து சேராததற்கு என்ன காரணம்? இணைப்பு நன்றாக இருந்தது. தற்காலிகக் கோப்புகளை அழித்துப் பார்த்தேன், இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் எல்லாவற்றையும் ரீசெட் செய்தேன், ஸ்கிரிப்ட் ஓட அனுமதி இருக்கிறதா என்று பாதுகாப்புப் பக்கத்தில் பார்த்தேன். எல்லாம் சரி, பெட்டி மட்டும் போகவில்லை. 'ஒவ்வொரு ஸ்கிரிப்ட் பிழைக்கும் அறிவிப்பு காட்டு' என்ற டிக்கை எடுத்துவிட்டால் பெட்டி வராது என்று பல இடங்களில் சொல்கிறார்கள். வராதுதான். விலைப் பட்டியலும் வராது. பெட்டி தொல்லை பண்ணக் கூடாது என்பவருக்கு அது போதும், பக்கம் வேலை செய்ய வேண்டும் என்பவருக்குப் போதாது.

துப்பு கொடுத்தவர் அத்தை. "கரண்ட் ரொம்ப நேரம் போயிட்டு வந்தா மறுநாள் இது வரும் தம்பி" என்றார் சமையற்கட்டிலிருந்து. மாமா அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் தெரு முழுக்க "மீ லாபீ!" (கரண்ட் வந்திருச்சு!) என்று பிள்ளைகள் கத்தியதும் ஸ்டெபிலைசரைப் போட்டுக் கம்ப்யூட்டரை ஏற்றினால், கறுப்புத் திரையில் சிமாஸ் செக்சம் எரர் (மதர்போர்டு நினைவில் வைத்திருந்த அமைப்புகள் கெட்டுவிட்டன), தொடர எஃப்1 அழுத்தவும் என்று ஒரு வரி. நான் வாசித்து முடிப்பதற்குள் மாமாவின் விரல் எஃப்1-ஐ அழுத்தியாயிற்று. "அது எப்பவும் வரும்" என்றார். விண்டோஸ் ஏறியதும் வலது கீழ் மூலையைப் பார்த்தேன். 2009 ஜனவரி 1.

பாதுகாப்பான இணைப்பில் வரும் ஒவ்வொரு சர்வரும் ஒரு சான்றிதழ் நீட்டும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும். இப்போதெல்லாம் அதன் ஆயுள் குறைவு. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகக் கொடுக்கும் சான்றிதழ் வழக்கமாக 90 நாள்தான் செல்லும். நம் கம்ப்யூட்டர் 2009 என்று நம்பிக்கொண்டிருந்தால் உலகத்துச் சான்றிதழ் எல்லாமே இன்னும் பிறக்காதவை. பிரவுசர் ஒன்றையும் ஏற்காது. பெரிய பக்கங்களில் இது முழுத்திரை எச்சரிக்கையாக வரும். அதையும் மாமா 'தொடர்க' அழுத்தித் தாண்டிப் பழகியிருக்கிறார். உளுந்து விலைப் பக்கமோ பழைய, பாதுகாப்பில்லாத இணைப்பில் வருவது, அதற்குச் சான்றிதழே கிடையாது. அதனால் பக்கம் எச்சரிக்கை இல்லாமல் திறந்துகொள்ளும். உள்ளே அது வரவழைக்கும் ஜேகுவெரி மட்டும் பாதுகாப்பான சர்வரிலிருந்து வர வேண்டியது. அந்த இடத்தில் தடுக்கப்பட்டால் தொடரவா என்று கேட்க எச்சரிக்கைப் பக்கம்கூட வராது. சத்தமில்லாமல் விழுந்துவிடும். மிஞ்சுவது ஸ்கிரிப்ட் எரர் பெட்டி.

தேதி பின்னால் போனதற்குக் காரணம் மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி, சிஆர் 2032, 3 வோல்ட். கம்ப்யூட்டரை நிறுத்தியிருந்தாலும் பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை உள்ளே கடிகாரம் அந்த மின்சாரத்திலேயே ஓடிக்கொள்ளும், பேட்டரிக்கு வேலை இல்லை. மின்சாரம் முறைவைத்து வந்து போகும் ஊரில், அதுவும் வேலை முடிந்ததும் ஸ்டெபிலைசரையே நிறுத்திவிடும் மாமா மாதிரி ஆள் வீட்டில், நாளில் பாதிக்கு மேல் அந்தப் பேட்டரிதான் தாங்க வேண்டும். தீரும் தறுவாயில் இருக்கும் பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கும், இரவு முழுக்கத் தாங்காது. அதனால்தான் ஒருநாள் வந்து ஒருநாள் வராமல் ஏய்த்துக்கொண்டிருந்தது. விண்டோஸை மறுபடி போட்டது ஏன் கொஞ்ச நாளைக்குப் பலித்தது என்பதும் புரிந்தது. போடும்போது கடையில் தேதியையும் சரிசெய்திருப்பார்கள்.

இணைப்புதான் இருக்கிறதே, விண்டோஸே நேரத்தைச் சரிசெய்துகொள்ளாதா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. தேடிப் பார்த்ததில் தெரிந்தது: வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 7 வாரத்துக்கு ஒருமுறைதான் நேரம் கேட்கும், அதுவும் வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் தொடாமல் விட்டுவிடும். வருஷக் கணக்கில் பின்னால் போன கடிகாரத்தை முதலில் நாம் கையால் இன்றைய தேதிக்குக் கொண்டுவர வேண்டும், அப்புறம்தான் 'அப்டேட் நவ்' வேலை செய்யும்.

பேட்டரி வாட்ச் கடையிலேயே கிடைக்கும். மாற்றுவதும் பெரிய வித்தை இல்லை. ஆனால் கழற்றுவதற்கு முன் பயாஸுக்குள் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் திரை) போய் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி எடுத்தால் அமைப்புகள் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போகும். ஹார்ட் டிஸ்க் இயங்கும் முறை ஐடிஇ-யா ஏஎச்சிஐ-யா என்ற ஒன்று மாறிப்போனால் போதும், விண்டோஸ் ஏறாமல் நீலத்திரை காட்டி வயிற்றைக் கலக்கும். படம் இருந்தால் பார்த்துத் திரும்ப வைத்துவிடலாம்.

பிளக்கைப் பிடுங்கினேன். பவர் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பிடித்து, மிச்சமிருந்த மின்சாரத்தை வடியவிட்டேன். பக்கவாட்டுத் தகட்டைத் திறந்தால் உள்ளே பல்லி முட்டை ஓடு, ஒரு விரல் தடிமனுக்குத் தூசி. பெயின்ட் பிரஷால் தூசியைத் தட்டினேன். இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டு, பேட்டரியின் ஓரத்தில் இருக்கும் சின்னக் கொக்கியை நகத்தால் தள்ளினால் பேட்டரி தானே எகிறி வந்தது. பக்கத்து வீட்டு எலெக்ட்ரீஷியன் அண்ணன் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தார்; 2 வோல்ட்டைக்கூட எட்டவில்லை. புதியதைக் கூட்டல் குறி மேலே தெரியும்படி அழுத்தினேன், 'டிக்' என்று உட்கார்ந்தது. பயாஸில் தேதி, படத்தில் இருந்தபடி மற்ற அமைப்புகள். விண்டோஸில் நேர மண்டலம் பாங்காக் என்று இருந்ததை யங்கோனுக்கு மாற்றினேன்; பாங்காக் கிரீன்விச் நேரத்துக்கு ஏழு மணி நேரம் முந்தியது, நம்முடையது ஆறரை மணி நேரம். அந்த அரை மணி வித்தியாசத்தால் சான்றிதழ் கெட்டுவிடாது, இருந்தாலும் சரியாக இருக்கட்டுமே.

விலைப் பட்டியல் வந்துவிட்டது. மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உளுந்து வரியைத் தேடிப் போனவர், பேட்டரி விலை எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை.

தேதி சரியானதும் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. எந்தப் பிரவுசரும் திறக்காத நேரத்தில்கூட, கம்ப்யூட்டர் ஏறிய உடனே 'ஸ்கிரிப்ட் எரர்' என்று இன்னொரு பெட்டி வரும். இது வேறு ஜாதி. பழைய மென்பொருள்கள் பல, தங்கள் ஜன்னலுக்குள் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் இன்ஜினை வைத்துக்கொண்டு பக்கம் காட்டும். மைக்ரோசாஃப்ட் அந்த பிரவுசரை 2022 ஜூன் 15-இல் ஓய்வுக்கு அனுப்பிவிட்டாலும் பழைய கம்ப்யூட்டரில் இன்ஜின் இருந்துகொண்டேதான் இருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் அப்ளிகேஷன்ஸ் பட்டியலில் அந்தப் பெட்டியின் பெயர்மேல் வலது சொடுக்கு, 'கோ டு பிராசஸ்'. என்றைக்கோ தூக்கிப்போட்ட பிரின்டரின் மென்பொருள் மாட்டியது. பிரின்டரே வீட்டில் இல்லை, அது மட்டும் தினமும் கம்பெனிச் செய்தி கேட்டு எங்கோ கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. நீக்கினேன், ஒழிந்தது.

குரோமில் பெட்டியே வராது. பக்கம் பாதியில் நின்றுவிடும், அவ்வளவுதான். எஃப்12 அழுத்தி கன்சோலைப் பார்த்தால்தான் சிவப்பு வரி தெரியும். மாமா பார்க்கும் நாணய மாற்று விலைப் பக்கத்தில் 'டூசார்ட்டட் இஸ் நாட் எ ஃபங்ஷன்' என்று இருந்தது. விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசி குரோம் 109. பட்டியலை வரிசைப்படுத்தும் அந்தப் புது வசதி குரோமில் 110-இல்தான் வந்தது. ஒரே ஒரு பதிப்பு வித்தியாசத்தில் போச்சு! இதற்குச் சுத்தம் செய்வதோ ரீசெட்டோ பலிக்காது. ஆனால் விண்டோஸ் 7-க்கான கடைசி ஃபயர்ஃபாக்ஸ் வரிசையான 115-இல் அதே வசதி இருக்கிறது. அதற்கான பாதுகாப்பு அப்டேட்டையும் மோசில்லா பலமுறை நீட்டித்துக் கொடுத்தது. போட்டதும் பக்கம் வந்தது. பழைய கம்ப்யூட்டர்க்காரர்கள் குரோமை விட்டு ஃபயர்ஃபாக்ஸுக்குப் போவதே நல்லது என்பது என் எண்ணம்.

ஃபயர்ஃபாக்ஸில் ஒரே ஒரு தொல்லை: பர்மியச் செய்திப் பக்கம் எதைத் திறந்தாலும் இந்தப் பக்கம் பிரவுசரை மெதுவாக்குகிறது, நிறுத்தவா என்று மேலே ஒரு பட்டை. ஹெல்ப் மெனுவில் 'டிரபிள்ஷூட் மோட்' இருக்கிறது, பிரவுசரில் நாம் சேர்த்த எக்ஸ்டென்ஷன் (துணை மென்பொருள்) எதுவும் இல்லாமல் திறக்கும். அதில் பட்டை வரவில்லை. அப்படியென்றால் குற்றவாளி எக்ஸ்டென்ஷன்களில் ஒன்று. மாமாவின் மகள் குரோமில் இருந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் இங்கேயும் ஏற்றியிருந்தாள். தடுக்கப்பட்ட பக்கங்களைத் திறக்க உதவும் வீபிஎன் இரண்டு (ஏன் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை), அப்புறம் ஜோஜி என்ற பழைய பர்மிய எழுத்து முறையிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் ஒன்று. 2019 அக்டோபர் 1-இல் நாடே யூனிகோடுக்கு மாறியபோது அது இல்லாமல் முடியாது. இப்போதும் அது ஒவ்வொரு பக்கத்தின் ஒவ்வொரு வரியையும் துழாவி, இது ஜோஜியா என்று சோதித்துக்கொண்டிருந்தது. 2 ஜிபி ராமில் அது பெரிய பாரம். அதை எடுத்துவிட்டு யூனிகோட் எழுத்துரு ஒன்றைப் போட்டேன். வீபிஎன் இரண்டில் ஒன்று போதும் என்று பேரம் பேசி, ஒன்று நின்றது.

ஃபயர்ஃபாக்ஸைப் பென் டிரைவில் வாங்கிப் போடுபவர்கள் 115.13-க்கு முந்தையதைப் போட வேண்டாம். 2025 மார்ச் 14-இல் அதனுள்ளேயே இருந்த ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. பழைய பதிப்பில் எக்ஸ்டென்ஷன்கள் வேலை செய்யாமல் போகலாம். மாமா வீட்டு டிராயரில் புதியதன் முழுக் கோப்பும் இன்னொரு சிஆர் 2032-வும் ஒரே கவரில் இருக்கின்றன. நீல 'ஈ'யை மட்டும் டெஸ்க்டாப்பிலிருந்து எடுக்க மாமா இன்னும் சம்மதிக்கவில்லை.