ஆச்சி போர்வை

"போர்வையா? என்ன கம்பெனி தம்பி?"

பஸ் டெப்போவில் அந்த அண்ணாச்சி கேட்டதும் எனக்கு வாயடைத்துப் போனது. அம்பாசமுத்திரத்திலிருந்து வரும்போது போர்வை இருந்த கட்டைப்பையைச் சீட்டுக்கு அடியிலேயே விட்டு இறங்கியது நான்தான். யாரைக் குறை சொல்ல?

ஆச்சி கையால் தைத்தது. நைந்த நூல் சேலைகள் நாலைந்தை அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டது. வங்காளத்தில் இந்த மாதிரிக்கு காந்தா என்று பெயர், கர்நாடகத்தில் கவுதி. எங்கள் வீட்டில் வெறும் 'ஆச்சி போர்வை'.

"அடையாளம் சொல்லுங்க."

ஒரு மூலையில் தையல் கோணிக்கொண்டு போகும். ஆச்சிக்குக் கண்ணில் புரை விழுந்த பிறகு தைத்த இடம். அங்கே மட்டும் சிவப்பு நூல், மற்றதெல்லாம் வெள்ளை. பத்தமடைக் கல்யாணப் பாயில் மணமக்கள் பேரையே நெய்து தருவார்கள். இதில் பேரெல்லாம் கிடையாது, அந்தக் கோணல்தான்.

"போட்டோ இருக்கா?"

வீட்டுக்கு வந்து போனைக் குடைந்தேன். மகள் படம் நூற்றுக்கணக்கில். போர்வை ஒரே ஒரு படத்தில், அவள் காலுக்கடியில், ஒரு சாண் அகலம். சிவப்பு நூல் தெரிகிறது!

கடையில் வாங்கியதற்குப் பில்லாவது இருக்கும். உங்கள் வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் இன்றைக்கே விரித்துப்போட்டு, முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள்.

சரி, அந்த ஒரு சாண் தெரிகிற படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். பழந்துணி என்று யாராவது வண்டி துடைக்க எடுத்திருந்தாலும் பரவாயில்லை, துவைத்துக்கொள்கிறேன். கிழித்துவிட வேண்டாம்.