பாங்காக்குக்கு நான் மழையில்தான் போவேன்

பாங்காக் போக நல்ல மாதம் எது என்று யாரைக் கேட்டாலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். தப்பில்லை. ஆனால் மூன்று பருவத்திலும் போய் வந்தவன் நான், எங்களை மாதிரி சைவம் சாப்பிடும் வீட்டுக்கு நவராத்திரி சமயம்தான் சரி என்பேன்.

முதலில் போனது ஏப்ரலில். சென்னை வெயில் பார்த்த உடம்புதானே என்ற தெனாவட்டு. அங்கே வருஷத்திலேயே கொடுமையான மாதம் அதுதானாம், பகலில் சர்வசாதாரணமாக 35 டிகிரி தாண்டுகிறது, ராத்திரியிலும் புழுக்கம் விடுவதில்லை. 13 முதல் 15 வரை சோங்கிரான், அவர்களுடைய புத்தாண்டு, நம்ம சித்திரை ஒன்றாம் தேதியும் அதே சூரியக் கணக்குதான். தெருவில் கால் வைத்தால் தண்ணீர் அடிக்காமல் விடமாட்டார்கள். பாதிக் கடைகள் பூட்டு, எல்லாரும் சொந்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். தேங்காய்ப்பால் ஊற்றிய மாம்பழச் சோறு மட்டும் அந்த மாதம் மாதிரி வேறெப்போதும் கிடைக்காது.

அடுத்தது ஜனவரி. காலையில் நடக்க சுகமாக இருந்தது. அறை வாடகை மட்டும் கிட்டத்தட்ட இரண்டு பங்கு. வாட் சாகெட் குன்றுக்கோயிலில் மூச்சு வாங்கப் படியேறிப் பார்த்தால் ஊரே மங்கலாகத் தெரிகிறது, பனி என்றுதான் நினைத்தேன், அது புகை. வண்டிப் புகை, வயல் எரிப்பு எல்லாம் சேர்ந்து, காற்று அசையாத அந்த மாதங்களில் அப்படியே ஊர்மேல் தங்கிவிடுகிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அக்டோபர். மழை உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன், மதியத்துக்கு மேல் கறுத்துக்கொண்டு வந்து ஒரு மணி நேரம் கொட்டும், சந்துகளில் கணுக்கால் தண்ணீர், அதுவரை ஏதாவது ஒரு மாலுக்குள் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் சாப்பாடு! சீனர்களின் ஒன்பது நாள் சைவ விரதம் பெரும்பாலும் நம் நவராத்திரியோடு ஒட்டியே வருகிறது. சீனர்கள் வாழும் பகுதியான யாவராட் தெருவில் சிவப்பு எழுத்துப் போட்ட மஞ்சள் கொடி தொங்கும் கடையில் கறி, மீன், முட்டை மட்டுமில்லை, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. மற்ற மாதங்களில் 'வெறும் காய்தான்' என்று கொடுப்பதிலும் மீன் சாஸ் ஒளிந்திருக்கும், அந்தத் தொல்லை இல்லை.

பாங்காக்கின் சீலோம் பகுதியில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, 19ஆம் நூற்றாண்டில் குடியேறிய தமிழர்கள் கட்டியது, ஊர்க்காரர்கள் வாட் கேக், அதாவது இந்தியர் கோயில், என்பார்கள். விஜயதசமி ராத்திரி அம்மன் ஊர்வலம் வரும்போது தெரு முழுக்கச் சாமந்தி, உடைந்த தேங்காய், கும்பிட்டு நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். அன்றைக்கும் தூறல். என் மாமியார் குடையை மடக்கி என்னிடம் கொடுத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போனவர் திரும்பி வர ஒரு மணி நேரமானது.

தேதி வருஷத்துக்கு வருஷம் நகரும், டிக்கெட் போடுமுன் பஞ்சாங்கம் பார்த்துவிடுங்கள். தோல் செருப்பு வேண்டாம்.